ஏழு கோடு தூரம்

சாயங்காலம் ஆறு மணியை நெருங்கும்போது எங்கள் தெருவில் ஒரு சத்தம் எழும். கொசுவின் ரீங்காரத்தைவிட மெல்லியது. வெள்ளிக் கம்பியை இழுத்துக்கொண்டே போவதுபோல் விடாமல் நீள்வது. திண்ணையில் சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்வோம். ஆச்சி வீட்டில் டிவி போட்டாகிவிட்டது.

"ஆச்சி, சத்தம் வந்துருச்சு!" என்று முகப்பைத் தாண்டி உள்ளே ஓடினால் திரை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். "படமே வரலை, அதுக்குள்ள என்னடா சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார் ஆச்சி. சில விநாடிகள் கழித்துத் திரை மெல்ல வெளுக்கும். உருவம் தெளியும். அவருக்கு அந்தச் சத்தம் கடைசிவரை கேட்கவே இல்லை. பிள்ளைகள் கதை கட்டுகிறோம் என்றே நினைத்திருந்தார்.

நாங்கள் கதை கட்டவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஓர் எண் உண்டு: 15,625. படக்குழாய் வைத்த பழைய டிவிக்குள் இருந்த ஒரு மின்மாற்றி விநாடிக்கு அத்தனை தடவை அதிர்ந்தது. குழந்தையின் காது விநாடிக்கு 20,000 அதிர்வுவரை பிடிக்கும். வயது ஏற ஏற, உட்காதில் உச்சச் சுருதியை வாங்கும் மயிர்ச்செல்கள்தான் முதலில் பழுதாகின்றன. ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு 15,000-க்கு மேல் எட்டாது. ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சியும் நாங்களும் இரண்டு வேறு டிவிகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

15,625 எங்கிருந்து வந்தது? 625-ஐ 25-ஆல் பெருக்கினால் வரும். ஒரு நேரலை எப்படி உண்டானது, அது ஏன் நேரலை என்பதெல்லாம் இந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையிலுள்ள அதன் கூடத்தில் செய்தி வாசிப்பவர் கேமராவை நிமிர்ந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் முகத்தில் அவர் உருவம் ஒளியாக விழும். பின்னாலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றை அந்த உருவத்தை இடமிருந்து வலமாகத் தடவிச் செல்லும். ஒளி மிகுந்த இடத்தில் மின்னோட்டம் மிகும், இருண்ட இடத்தில் குறையும். ஒரு கோடு முடிந்ததும் சட்டென்று இடப்பக்கம் திரும்பி அடுத்த கோட்டைத் தொடும். இப்படி 625 கோடு சேர்ந்தால் ஒரு படம். விநாடிக்கு 25 படம்.

எங்கள் காரைக்குடிக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளத் தறி போதும். கண்டாங்கிச் சேலை நெய்யும்போது நாடா ஓடி ஓடி ஊடை நூலை ஒவ்வொன்றாகப் பாவுக்குள் வைக்கிறது. நெசவாளி ஒரு நேரத்தில் வைப்பது ஒரே ஓர் இழை. கட்டமும் கரையும் அந்த இழைகள் சேர்ந்த பிறகுதான் தெரியும். டிவியின் நெசவில் ஒரு நுணுக்கம் கூடுதல்: முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிட்டு, பிறகு இடைவெளிகளில் இரட்டைப்படைக் கோடுகளை நிரப்பினார்கள். திரை விநாடிக்கு ஐம்பது தடவை புதுப்பிக்கப்பட்டதால் கண்ணுக்கு நடுக்கம் தெரியவில்லை.

காரைக்குடியில் ஆச்சியின் டிவிக்குள்ளும் ஓர் எலக்ட்ரான் கற்றை அதே வேகத்தில், அதே வரிசையில் ஓடியது. சென்னையில் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் "திரும்பு" என்று ஒரு சிறு துடிப்பைச் சேர்த்தே அனுப்பினார்கள். இங்கே கற்றை அந்தத் துடிப்பைக் கேட்டுத் திரும்பியது. கற்றை இழுத்துத் திருப்பப்படும் அந்த இயக்கத்தைத்தான் நாங்கள் தெருவில் கேட்டோம். சென்னையில் கேமராவின் கற்றை வாசிப்பவரின் இடப் புருவத்தைத் தொட்டபோது, காரைக்குடித் திரையிலும், மதுரையில் நாலாயிரம் வீட்டுத் திரைகள் இருந்தால் அந்த நாலாயிரத்திலும், கற்றை இடப் புருவத்தை வரைந்துகொண்டிருந்தது. ஒரு கை எழுத, ஆயிரம் கை கூடவே எழுதியதுபோல. கொஞ்சம் தாமதம் உண்டு. எவ்வளவு என்பதில்தான் எனக்கு ஆச்சரியம் தொடங்குகிறது.

ஒளியும் ரேடியோ அலையும் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து, எங்கள் ஊருக்கு ஒளிபரப்பிய கொடைக்கானல் மலைக்கு, நேர்கோட்டில் ஏறக்குறைய 435 கிலோமீட்டர். மலையிலிருந்து காரைக்குடிக்கு 140. தரைவழி நுண்ணலைக் கோபுரங்கள் மூலம் வந்தால் மொத்தப் பயணம் ஒரு விநாடியில் ஐநூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சென்னைக் கேமரா முப்பது கோட்டை வரைந்துவிடும். கேமரா வாசிப்பவரின் கண்ணைத் தடவிக்கொண்டிருந்தபோது நமக்கு அவர் நெற்றி வந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். செயற்கைக்கோள் வழியாக வந்தால் கதை வேறு. 36,000 கிலோமீட்டர் ஏறி அதே தூரம் இறங்க வேண்டும். கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் ஆறு முழுப் படங்கள் விண்வெளியில் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு கோட்டை வரைய ஆகும் நேரம் 64 மைக்ரோவிநாடி, அதாவது விநாடியைப் பத்து லட்சமாக வெட்டி எடுத்த 64 துண்டு. அதற்குள் அலை 19 கிலோமீட்டர் போய்விடும். அப்படியானால் காற்றில் ஒரு கோட்டின் நீளம் 19 கிலோமீட்டர்! காரைக்குடியிலிருந்து சாலை வழியாகத் தேவகோட்டைக்குப் போகும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு முழுப் படத்தின் நீளம் 12,000 கிலோமீட்டர்; பூமியின் விட்டத்தைவிடச் சற்றே குறைவு. கொடைக்கானலுக்கும் காரைக்குடிக்கும் நடுவே, எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும், ஏழு கோடுதான் பறந்துகொண்டிருக்கும். எட்டாவதில் ஒரு துணுக்கு. ஏழு கோட்டில் ஒரு புருவம்கூட முழுசாக வராது.

திரைக்கு வந்து சேர்ந்த பிறகாவது படம் முழுசாகியதா? இல்லை. திரையின் உட்பக்கம் பூசிய ஒளிர்பொடி, எலக்ட்ரான் பட்டதும் மின்னி உடனே மங்கத் தொடங்கும். அடிக் கோட்டை வரையும்போது உச்சிக் கோடு அணைந்திருக்கும். மிக வேகமான கேமராவால் பழைய டிவியைப் படம் பிடித்தால், இருண்ட திரையில் ஒரு வெளிச்சப் பட்டை கீழே இறங்கிக்கொண்டிருப்பது மட்டுமே பதியும். ஒளிர்பொடிகளைப் பற்றி எங்கள் ஊரிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒளிரும் பொருள்களுக்கென்றே ஒரு குழு வேலை செய்தது. கல்லூரிச் சாலையில் அந்த வளாகத்தைத் தாண்டிப் போகும்போது அது எனக்கு அன்று தெரியாது.

ஆக, சென்னையில் கேமராக் குழாயின் முகத்தில் உருவம் முழுசாக விழுந்தது. பிறகு அது கோடு கோடாக உரிந்து, காற்றில் ஒருபோதும் சேராமல், திரையிலும் ஒருபோதும் சேராமல், ஆச்சி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபது முப்பது பேரின் கண்ணுக்குப் பின்னால்தான் மறுபடி முகமாயிற்று. நேரலை என்று நாம் சொல்வதன் ஆழமான பொருள் இது என்று நினைக்கிறேன். அதை எங்கும் யாரும் வைத்திருக்கவில்லை. வந்துகொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு தொழில் எங்கள் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இருந்தது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், போர்க்காலத்தில் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க வழியில்லாமல், 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். பிறகே ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. சினிமாச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு சட்டமும் முழுப் படம். வெட்டலாம், ஒட்டலாம், பெட்டியில் போட்டுப் பூட்டலாம், ஐம்பது வருஷம் கழித்து எடுக்கலாம். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒலியும் ஒளியும்' வந்தால் தெருவே அடங்கிப்போனதற்குக் காரணம் அந்தப் பெட்டிகளில் பூட்டியிருந்த வெளிச்சம். அதே டிவி வழியாக, அதே கோடுகளாக வந்தாலும், மற்ற நேரத்தில் வந்த முகங்கள் வேறு வகை. அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் அது அந்த நிமிடத்து வணக்கம். அவர் தும்மினால் நாமும் பார்ப்போம். அங்கே இணைப்பு அறுந்தால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வரும். அந்த அட்டையை நாங்கள் ஒரு நிகழ்ச்சியைப்போலவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏதோ ஓரிடத்தில், இந்த நொடியில், யாரோ கம்பியைச் சரி செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

டிவி பிறந்த காலத்தில் நேரலை ஒரு சிறப்பு அம்சமாக இருக்கவில்லை. பெரும்பாலும் வேறு வழி இல்லை. படத்தைக் காந்த நாடாவில் பதியும் கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாடா இரண்டு அங்குல அகலம், விலையோ கொள்ளை. உலகம் முழுவதும் நிலையங்கள் ஒருமுறை பதிந்ததை அழித்து அதன் மேலேயே மறுபடி பதிந்தன. எத்தனையோ மாலைகள் இப்படிப் போய்விட்டன.

மாலை என்ற நேரத்துக்கே ஒரு வரலாறு உண்டு. பிரிட்டனில் 1957 பிப்ரவரிவரை மாலை ஆறிலிருந்து ஏழுவரை டிவி ஒளிபரப்பே கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பெற்றோருக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று அரசாங்கமே வைத்திருந்த இடைவெளி. அது எடுபட்டதும் பிபிசி அந்த ஓட்டையை நிரப்ப 'டுநைட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. கொஞ்சம் பேட்டி, கொஞ்சம் பாட்டு, எங்கோ ஒரு மூலையில் எடுத்த சிறு படம், எல்லாவற்றையும் கோத்து ஒருவர் நேரடியாகப் பேசிக்கொண்டே போவார். பத்திரிகையைப் புரட்டுவதுபோல் இருந்ததால் இதழ் நிகழ்ச்சி என்ற பெயர் இந்த வகைக்கு நிலைத்தது. மேற்கு பெர்லினில் 1958 செப்டம்பர் 1 அன்று 'ஆபெண்ட்ஷாவ்' தொடங்கியது. மாலைப் பார்வை என்று பொருள். அது இன்றும் ஓடுகிறது.

ஜெர்மனியின் ஏற்பாட்டில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது. அங்கே எட்டு மணிக்கு ஹாம்பர்க்கிலிருந்து நாடு முழுவதற்குமான செய்தி வரும். அதற்கு முந்தைய நேரம் அந்தந்த வட்டாரத்துக்கு உரியது. பவேரியாவுக்கு ஒன்று, பெர்லினுக்கு ஒன்று. அந்தப் பேச்சு, அந்த ஊர்ச் சாலை, அந்த ஊர் மழை. நம்மிடமும் அதேதான் நடந்தது! 1982 ஆகஸ்ட் 15-இல் தேசிய நிகழ்ச்சி தொடங்கிய பிறகு, எட்டரை ஒன்பது மணிக்கு மேல் திரை டெல்லிக்குப் போய்விடும். அதற்கு முன்னால் வந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் தமிழ். விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து சாப்பாட்டு நேரம்வரை. வயலும் வாழ்வும், செய்திகள், நாடகம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் எதிரொலி. டெல்லி தொடங்கியதும் கூட்டம் மெல்லக் கரையும். ஆச்சி மட்டும் தனியாக உட்கார்ந்து, புரியாத இந்திச் செய்தியையும் முழுசாகப் பார்ப்பார்.

வயலும் வாழ்வும் நிகழ்ச்சியைப் பட்டணத்துப் பிள்ளைகள் தாண்டிப்போக வேண்டிய ஒன்றாகத்தான் கருதினார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அதன் வம்சம் பெரியது. டெல்லி நிலையம் 1967 ஜனவரி 26-இல் சுற்றுவட்டாரத்து 80 கிராமங்களுக்கென்று 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. அதற்கும் முன்பே, 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி மாலை நேரத்தில் உழவர்களோடு பேசிக்கொண்டிருந்தது. 1960-களில் ஏடிடி 27 என்ற புது நெல் வந்தபோது, அதைத் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் வானொலி மூலமே அறிந்து பயிரிட்டார்கள். அதிகாரிகள் வைத்த பெயரை விட்டுவிட்டு 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். வானொலியின் பெயரைத் தானியம் சுமந்த இடம் உலகில் வேறு எங்கும் இருப்பதாக நான் படித்ததில்லை. வேளாண் அதிகாரி, வயலில் நிற்கும் ஒரு சம்சாரி, பூச்சி மருந்தின் அளவு, நடுவில் ஒரு நாட்டுப்பாடல்: பிபிசியின் அந்த இதழ் வடிவம் முழுக்க முழுக்க இதில் இருந்தது.

சென்னையில் ஒளிபரப்பு 1975-இலேயே தொடங்கிவிட்டாலும் எங்களுக்கு வந்து சேரவில்லை. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அந்தக் கோபுரத்தின் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 150 மீட்டர் கோபுரத்துக்கு 50 கிலோமீட்டர். சென்னையில் எவ்வளவு பெரிய கோபுரம் கட்டினாலும் 370 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரைக்குடி பூமியின் முதுகுக்குப் பின்னால்தான். அதனால்தான் மலை வேண்டியிருந்தது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். கணக்குப் போட்டால் அடிவானம் 189 கிலோமீட்டர் வருகிறது. 140-இல் இருக்கும் காரைக்குடி உள்ளே வந்துவிடுகிறது. வழியில் சிறுமலை குறுக்கே நிற்கிறதே என்றால், இந்த அலையின் நீளம் மீட்டர்க் கணக்கு. மலை முகட்டில் பட்டதும் அதில் ஒரு பகுதி வளைந்து மறுபக்கம் இறங்கும். இறங்கும்போது மெலிந்துவிடும். அதற்குத்தான் பூஸ்டர். 1980-களில் கொடைக்கானல் ஒளிபரப்பு தொடங்கியதும் மதுரை, சிவகங்கைச் சீமையின் மொட்டை மாடிகளில் ஏரியல்கள் எல்லாம் மேற்கே திரும்பின. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக் கூரைமேல், சுதைச் சிற்பங்களுக்கு நடுவே, அலுமினியக் குச்சிகள் மலையைப் பார்த்து நின்றன.

திரும்பின என்று சொல்லக் காரணம் உண்டு. அதற்கு முன் அவற்றில் பல தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தன.

இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான 2,524 மீட்டர் பிதுருதலாகலவின் உச்சியிலிருந்து ஒளிபரப்பு. அங்கிருந்து காரைக்குடி 400 கிலோமீட்டர். மேலே சொன்ன கணக்குப்படி அந்த அலை 207 கிலோமீட்டரிலேயே அடிவானத்தைத் தாண்டி விண்ணுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் தொண்டி, தேவிபட்டினம் கரையோரம் முழுக்க ரூபவாகினி பார்த்தார்கள். உயரமான கம்பம் நட்டவர்களுக்குக் காரைக்குடியிலும் சில மாலைகளில் வந்தது. எப்படி?

காரணம் பாக் நீரிணையின் மேல் இருக்கும் காற்று. வெயில் காலத்தில் நிலத்தின் சூடான வறண்ட காற்று கடலின்மேல் நகர்ந்து, நீரை ஒட்டிக் கிடக்கும் குளிர்ந்த ஈரக் காற்றின்மேல் ஒரு மூடிபோல் படியும். வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். இங்கே தலைகீழ். ஈரமான அடிக்காற்று அலையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும். மேலேயுள்ள வறண்ட காற்றில் அலை விரைந்து போகும். இரண்டுக்கும் வேகம் மாறுவதால் அலை கீழ்நோக்கி வளையும். கானல் நீரில் ஒளி வளைவது இதன் மறுபக்கம். மூடிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் உண்டாகி, அலை அதற்குள் வழுக்கிக்கொண்டே பூமியின் வளைவைத் தொடர்ந்து வரும். மூடி கலைந்தால் படமும் கலையும். பொழுது சாயும் நேரத்தில் காற்று அடங்கும்போது இந்த வாய்க்கால் சீராக அமையும் என்பதால், எங்கள் சாயங்காலங்களில் படம் வருமா வராதா என்பதை வங்கக் கடலின் வானிலை முடிவு செய்தது. மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று "இன்னும் கொஞ்சம்... போதும்... ஐயோ போச்சு" என்று கத்துவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எறும்பு ஓடும் திரையில் திடீரென்று ஒரு முகம் தெளியும்போது கூடத்தில் எழுந்த ஆரவாரம், பிற்பாடு பளிங்குபோல் படம் வந்த காலத்தில் எழவில்லை.

எல்லையைத் தாண்டிய அலைகளைத் தடுக்க முயன்றவர்களும் உண்டு. பிளவுண்ட ஜெர்மனியில், பவேரியாவின் ஓக்ஸன்கோப் மலையில் நின்ற மேற்கு ஜெர்மன் கோபுரத்தின் ஒளிபரப்பைக் கிழக்கில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். மலை 1,024 மீட்டர், கொடைக்கானலில் பாதி. 1961-இல், பெர்லின் சுவர் எழுந்த கையோடு, கிழக்கு ஜெர்மனியின் அரசு இளைஞர் அமைப்பினர் கூரைகளில் ஏறி, மேற்கே பார்த்த ஏரியல்களைத் திருப்பியும் கழற்றியும் எறிந்தார்கள். மலையின் பெயராலேயே அந்த இயக்கத்தை அழைத்தார்கள். மக்கள் ஏரியலைப் பரணுக்குள் மறைத்து வைத்துப் பார்த்தார்கள். டிரெஸ்டன் நகரம் தாழ்வான ஆற்றுப் பள்ளத்தில், எந்த மேற்குக் கோபுரத்தின் அடிவானத்துக்கும் அப்பால் கிடந்ததால், 'ஒன்றும் அறியாதோர் பள்ளத்தாக்கு' என்று அதற்குப் பெயர் விழுந்தது. வர்க்கமூலமும் 4.12-ம் ஒரு நகரத்துக்குப் பட்டப்பெயர் வைத்த கதை அது.

பிறகு ஆச்சி வீட்டுக்கு வண்ண டிவி வந்தது. அதற்குள் ஒரு ஜெர்மானியர் ஒளிந்திருந்தார்.

வண்ணத்தை அனுப்புவதில் ஒரு பெரிய சிக்கல். கறுப்பு வெள்ளைப் படத்தோடு கூடவே ஒரு துணை அலையை ஏற்றி, அந்த அலையின் கோணத்தில் நிறத்தை எழுதுவார்கள். இந்தக் கோணம் சிவப்பு, அந்தக் கோணம் பச்சை. வழியில் மலையில் மோதியோ கட்டடத்தில் தெறித்தோ கோணம் கொஞ்சம் புரண்டால் நிறம் மாறிவிடும். அமெரிக்க முறையில் முகங்கள் பச்சையாகிப் போனது அதனால்தான். ஹனோவரில் டெலிபுங்கன் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் புரூக், 1963 ஜனவரியில் தன் விடையைச் செய்து காட்டினார். ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் நிறக்குறியின் ஒரு பாதியைத் தலைகீழாக்கி அனுப்பு. வழியில் கோணம் புரண்டால், ஒரு கோட்டில் நிறம் பச்சைப் பக்கம் சாயும், அடுத்த கோட்டில் அதே அளவு ஊதாப் பக்கம் சாயும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை தன்னைத் தானே தின்றுவிடும். இதற்குப் பெயர் பால் (PAL) முறை. உங்கள் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, புரூக் என்றால் ஜெர்மன் மொழியில் உடைசல், உடைசல் முறையை யார் வாங்குவார்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

1967 ஆகஸ்ட் 25 அன்று மேற்கு பெர்லினில் வெளியுறவு அமைச்சர் வில்லி பிராண்ட் ஒரு பெரிய பொத்தானை அழுத்தி மேற்கு ஜெர்மனியின் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். நேரலை. அவர் விரல் பொத்தானை அழுத்தி முடிப்பதற்குள் திரை வண்ணமாகிவிட்டது. உள்ளே இருந்த தொழில்நுட்பர் ஒரு கணம் முந்திவிட்டார். இந்தியா வண்ணத்துக்கு மாறிய 1982-இல் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பால் முறையைத்தான்.

சராசரி எடுக்க வேண்டும் என்றால் முந்தைய கோடு கையில் இருக்க வேண்டுமே? அது 64 மைக்ரோவிநாடிக்கு முன்பே போய்விட்டது. அலை அதற்குள் தேவகோட்டை போயிருக்கும். அதை எங்கே நிறுத்தி வைப்பது? டிவிக்குள் ஒரு கண்ணாடித் துண்டு வைத்தார்கள். மின்குறியை அதன் ஓரத்தில் ஓர் அதிர்வுப் படிகம் ஒலியாக மாற்றும். காதுக்கு எட்டாத அந்த ஒலி கண்ணாடிக்குள் விநாடிக்கு இரண்டரை, இரண்டேமுக்கால் கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒளியின் வேகத்தோடு பார்த்தால் நத்தை. சுவர் சுவராக மோதித் திரும்பி, மொத்தம் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் நடந்து மறு ஓரம் வந்து சேர 64 மைக்ரோவிநாடி ஆகும்படி கண்ணாடியைத் தேய்த்திருப்பார்கள். அங்கே இன்னொரு படிகம் அதை மறுபடி மின்குறியாக்கும். அப்போது அடுத்த கோடு வாசலில் வந்து நிற்கும். இரண்டும் சேரும்.

காற்றில் 19 கிலோமீட்டர் நீண்ட கோடு கண்ணாடிக்குள் ஒரு சாணாகச் சுருங்கியது. பெல்ஜியம் கண்ணாடிக்கும் இத்தாலிச் சலவைக்கல்லுக்கும் பேர்போன வீட்டில் ஆகச் சிறந்த கண்ணாடி இதுதான் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சி நம்பியிருக்க மாட்டார். ஆனால் சேப்பாக்கத்துக் கேமராவுக்கும் எங்கள் கண்ணுக்கும் இடையில், அந்த நீண்ட பயணம் முழுவதிலும், படத்தின் ஏதாவது ஒரு பகுதி நின்று இளைப்பாறிய இடம் அது ஒன்றே. ஒரே ஒரு கோட்டின் நினைவு.

இப்போது எல்லாமே நினைவுதான். 2022-க்குள் தூர்தர்ஷனின் பழைய முறைக் கோபுரங்களில் பெரும்பாலானவை ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. சென்னை நிலையம் பொதிகையாகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. இன்றைய நேரலையில் படம் முழுசாகச் சேமிக்கப்பட்டு, எண்களாக்கப்பட்டு, சுருக்கப்படுகிறது. சுருக்கும் இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் அப்படியே அனுப்புவதில்லை. பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் அனுப்புகிறது. சில சமயம் அடுத்து வரும் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் இந்தப் படத்தை எழுதுகிறது. அதற்கு அது காத்திருக்க வேண்டும். பிறகு செயற்கைக்கோள், பெட்டி, விரித்தல். சில விநாடி போய்விடும். இணையம் வழியாக வந்தால் அரை நிமிடம்கூட ஆகலாம். கிரிக்கெட் ஆட்டத்தில் பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்டு, நம் திரையில் பந்து இன்னும் கையை விட்டுக் கிளம்பாமல் இருப்பது இதனால்தான். ஒரே தெருவில் மூன்று வீட்டில் மூன்று வெவ்வேறு 'இப்போது' ஓடுகிறது. படம் எவ்வளவோ தெளிவு. பச்சை முகமும் இல்லை, எறும்பும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கை எழுத ஆயிரம் கை கூடவே எழுதிய அந்தப் பிணைப்பு அறுந்துவிட்டது. அதை நான் இழப்பாகவே உணர்கிறேன்.

ஆச்சி போய்ப் பல வருஷம் ஆகிறது. வீடு பூட்டியிருக்கிறது. சாமான்களைக் கழித்தபோது அந்த வண்ண டிவியை ஒரு மெக்கானிக் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர் கடையில் உட்கார்ந்து, பலகையிலிருந்து அந்தத் துண்டை மட்டும் கழற்றித் தரச் சொன்னேன். "இது எதுக்கு சார், ஒண்ணுத்துக்கும் ஆகாதே" என்றபடியே ஈயத்தை உருக்கி எடுத்துக் கொடுத்தார். உறையை உடைத்தால் உள்ளே வெளிறிய ஒரு கண்ணாடித் தகடு. ஓரம் சரிவாக வெட்டியது. இரண்டு மூலையில் மயிரிழைபோல் கம்பி.

அவர் கடையில் இன்னொரு பழைய டிவி பழுது பார்க்க வந்திருந்தது. அதைச் சோதிக்கப் பொத்தானைத் தட்டினார். வாசலில் நின்றிருந்த அவருடைய மகள், ஏழெட்டு வயதிருக்கும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "அப்பா, அத நிறுத்து, கீன்னு கத்துது" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.